ஹாக்கியில் எந்தக் கை மேலே? இடது கைப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் ஹாக்கி மட்டையை முதன்முதலாகக் கையில் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகவும், ஹாக்கி ஆடிப் பழக்கமில்லாத உடற்கல்வி ஆசிரியர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எழுதும் கை எது என்பதை வைத்தே மட்டை பிடிக்கும் முறையைத் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. தரையில் ஆடும் ஹாக்கிக்கு அது பொருந்தாது. பனித்தளத்திலும் சக்கரக் காலணியிலும் ஆடும் ஹாக்கிக்கும் பாதிதான் பொருந்தும்.

என் மகள் இடது கையால் எழுதுகிறாள். அவளுக்கு இடது கை ஹாக்கி மட்டை எங்கே கிடைக்கும்?

தேட வேண்டாம். சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் விதிப்படி மட்டையின் தட்டையான முகம் இடப்பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும். வலப்பக்கம் உருண்டையாக இருக்கும். பந்தைத் தட்டை முகத்தாலும் மட்டையின் விளிம்புகளாலும் ஆடலாம், உருண்டைப் பக்கத்தால் ஆடினால் நடுவர் ஊதிவிடுவார். முகம் வலப்பக்கம் இருக்கும்படி செய்த மட்டை எங்கேனும் கிடைத்தாலும், பள்ளி மைதானத்துப் பயிற்சிக்கு மேல் அதற்குப் பயன் இல்லை. போட்டியில் அதைக் கொண்டு இறங்க முடியாது.

எந்தக் கை மேலே இருக்க வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மட்டையின் வடிவமே அதைத் தீர்மானித்துவிடுகிறது. தட்டை முகத்தால் பந்தை முன்னோக்கி அடிக்க வேண்டுமானால் பந்து உடலின் வலப்புறம் இருக்க வேண்டும், இடது கை கைப்பிடியின் உச்சியிலும் வலது கை அதற்குக் கீழும் இருந்தால்தான் அந்த அடி இயல்பாக அமையும். ஆகவே உலகக் கோப்பையில் ஆடுபவரும் பாலக்கோட்டுப் பள்ளி மைதானத்தில் ஆடுபவரும், எந்தக் கையால் எழுதினாலும், ஒரே மாதிரிதான் பிடிக்கிறார்கள்.

இது இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி இல்லையா?

பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். ஆனால் எல்லோருடைய மட்டையும் ஒரே பக்கம் வீசப்படும்போது எதிரில் நிற்பவரின் மட்டை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே பந்துக்கு மட்டையை வீசினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பந்தே 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டியான உருண்டை. போலோ ஆட்டத்திலும் இதே போல எல்லோரும் வலது கையால்தான் மட்டை பிடிக்க வேண்டும். குதிரைகள் நேருக்கு நேர் வருவதால் அங்கே ஆபத்து இன்னும் அதிகம்.

அப்படியானால் இடது கைப் பிள்ளை பின்தங்கிவிடாதா?

பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஹாக்கி மட்டையைப் பிடிக்கும் இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. உச்சியில் இருக்கும் இடது கைதான் மட்டையைத் திருப்புகிறது. பந்தை வலப்புறத்திலிருந்து இடப்புறம் தட்டியதும் மணிக்கட்டைச் சுழற்றி, மட்டையின் நுனி தரையைப் பார்க்கும்படி அதைக் கவிழ்த்து, அதே தட்டை முகத்தால் பந்தை இடப்புறத்திலிருந்து திரும்ப இழுக்கும் வித்தையை உலகம் முழுவதும் ‘இந்தியன் டிரிப்ளிங்’ என்றே அழைக்கிறார்கள். அந்தச் சுழற்சி முழுவதும் இடது மணிக்கட்டின் வேலை. வலது கை அப்போது மட்டையை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. மட்டை தனக்குள் தாராளமாகச் சுழலும்படி ஒரு குழாயைப் போல அதைச் சுற்றி இருந்தால் போதும்.

ஒற்றைக் கையால் செய்யும் வேலைகளும் பெரும்பாலும் இடது கைக்கே வருகின்றன. எதிராளியின் பந்தை எட்டித் தட்டும் ‘ஜாப்’ தடுப்பில் வலது கையை விட்டுவிட்டு இடது கையால் மட்டையை முன்னே நீட்டுகிறோம். இடப்பக்கம் விலகிப்போகும் பந்தை ஓடிக்கொண்டே மட்டையைக் கவிழ்த்துப் பிடித்து நிறுத்துவதும் இடது கைதான். வலது கைப் பழக்கமுள்ள பிள்ளை இந்த வேலைகளுக்காகத் தன் பலவீனமான கையைப் பல மாதங்கள் பழக்க வேண்டியிருக்க, இடது கைப் பிள்ளைக்கு அந்த மணிக்கட்டு ஏற்கெனவே பழகியிருக்கிறது. உங்கள் மகள் முதல் சில வாரங்கள் பந்தை ஓங்கி அடிக்கத் தடுமாறலாம், ஏனென்றால் புஷ் (பந்தை மட்டையோடு ஒட்டித் தள்ளுவது), ஹிட் (மட்டையை வீசி அடிப்பது) இரண்டிலும் கீழே இருக்கும் வலது கைதான் பந்தைத் தள்ளும் வலுவைத் தருகிறது. அந்தத் தடுமாற்றத்தை மட்டும் பார்த்து, இந்த ஆட்டம் இவளுக்குச் சரிவராது என்று முடிவு கட்டிவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். டிரிப்ளிங்கைப் பார்க்கும் வரையாவது பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

வலது கைப் பிள்ளைகளுக்கு இதில் என்ன சிரமம்?

வலது கையால் மட்டையை இறுக்கிவிடுவதுதான். அப்படி இறுக்கினால் மட்டை சுழலாது, பிள்ளை வலது கையின் பிடியைக் கொண்டே மட்டையைத் திருப்ப முயல்வான், முழங்கை உடலோடு ஒட்டிக்கொள்ளும். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் மட்டும் பந்தை உருட்டிப் பழகுவதுதான் இதற்கு மருந்து. நம் ஊர்ச் செம்மண் மைதானங்களில் பந்து துள்ளும், கல்லில் பட்டுத் திசை மாறும் என்பதால், கவிழ்த்த மட்டையால் பந்தைப் பிடிப்பது செயற்கைப் புல்தரையில் இருப்பதைவிடக் கடினம். எனவே முதலில் மைதானத்தைத் தவிர்த்துச் சமமான சிமெண்ட் தரையில், பள்ளித் தாழ்வாரமானாலும் சரி, மெதுவாகப் பழகட்டும்.

என் மகன் வலது கையால்தான் எழுதுகிறான், சாப்பிடுகிறான். ஆனால் ஹாக்கி மட்டையில் வலது கையை மேலே வைத்து, கைகளை மாற்றிப் பிடிக்கிறான். ஏன்?

அவன் கிரிக்கெட்டில் இடது கை ஆட்டக்காரனா என்று பாருங்கள். மைதானத்தில் மாறிப் பிடிக்கும் பிள்ளைகளை விசாரித்தால் பெரும்பாலும் விடை அங்கேதான் கிடைக்கிறது. ஹாக்கியின் பிடிக்கு மிக நெருங்கிய உறவு கிரிக்கெட் மட்டையின் பிடியே. வலது கை ஆட்டக்காரருக்கு இடது கை மேலேயும் வலது கை கீழேயும் இருக்கும். ஹாக்கியிலும் அதே வரிசைதான். இடது கை ஆட்டக்காரருக்கு வலது கை மேலே வந்துவிடுகிறது. ஹாக்கிக்கு வந்ததும் அவர் இரண்டு கைகளையும் இடம் மாற்ற வேண்டும்.

எழுதும் கையும் மட்டை பிடிக்கும் பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சச்சின் டெண்டுல்கர் இடது கையால் எழுதுபவர், ஆனால் வலது கை ஆட்டக்காரர். அவருடைய வலுவான கை மட்டையின் உச்சியில் இருந்தது, ஹாக்கிக்கு அப்படியே பொருந்தும் பிடி. சவுரவ் கங்குலி வலது கையால் பந்து வீசி இடது கை ஆட்டக்காரராக ஆடியவர். அவர் ஹாக்கி மட்டையைத் தொட்டிருந்தால் கைகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். நம் பக்கத்து மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிக்குப் போன நடராஜனைப் போலப் பந்து வீசுவதிலும் மட்டை பிடிப்பதிலும் இடது கையையே பயன்படுத்துபவர்களும் உண்டு. ஆகவே சேர்க்கைப் படிவத்தில் ‘எழுதும் கை’ என்று ஒரு கட்டம் வைப்பதைவிட, ‘கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் ஆடுவான்’ என்று கேட்பது பயிற்சியாளருக்கு அதிக உதவியாக இருக்கும்.

இத்தகைய பிள்ளைகளுக்குச் சிறிது காலம் கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஒரே மாலையில் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கிரிக்கெட்டையே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள், அது மிகையானது.

தொலைக்காட்சியில் பனித்தள ஹாக்கி பார்க்கும்போது சிலர் வலப்பக்கமும் சிலர் இடப்பக்கமும் அடிக்கிறார்களே, அது எப்படி?

பனித்தள ஹாக்கியின் மட்டைக்கு இரண்டு முகமும் உண்டு, இரண்டாலும் ஆடலாம். கீழே இருக்கும் அலகு ஒரு பக்கமாகச் சற்று வளைந்திருப்பதால் இடப்பக்க மட்டை, வலப்பக்க மட்டை என இரு வகை விற்கிறார்கள், ஆட்டக்காரர் தனக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்கிறார். கீழே இருக்கும் கை இடது கையாக இருந்து அலகு உடலின் இடப்புறம் இருந்தால் அவர் இடப்பக்க ஆட்டக்காரர். வலது கை கீழே இருந்தால் வலப்பக்க ஆட்டக்காரர்.

மனிதர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே இடது கைப் பழக்கம் உடையவர் என்றாலும், வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஆடுபவர்களில் பெரும்பான்மையினர் இடப்பக்க ஆட்டக்காரர்கள். அப்படியானால் வலது கைப் பழக்கமுள்ள பலரும் தங்கள் வலது கையை உச்சியில் வைத்து இடப்பக்கம் அடிக்கிறார்கள் என்று பொருள். மட்டையை ஒற்றைக் கையால் நீட்டித் தடுக்கும்போதும், திருப்பும்போதும் உச்சிக் கைக்கே அதிக வேலை என்பதால், வலுவான கை மேலே இருக்கட்டும் என்று சொல்பவர்கள் ஒரு சாரார். அடியின் விசை கீழ்க் கையிலிருந்து வருகிறது, ஆகவே வலுவான கை கீழே இருக்கட்டும் என்பவர்கள் மறு சாரார். இரண்டு வாதமும் இன்றுவரை உயிரோடுதான் இருக்கிறது.

கனடாவில் இடப்பக்க மட்டை அதிகம் விற்கிறது, பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்காவில் வலப்பக்க மட்டை அதிகம் விற்கிறது. இரண்டு நாட்டு மக்களின் கைகளில் வேறுபாடு எதுவும் இல்லை. கனடாவில் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது ஹாக்கி மட்டை. அமெரிக்காவில் அதற்கு முன்பே பேஸ்பால் மட்டை கைக்கு வந்துவிடுகிறது, வலது கைப் பிள்ளை அதில் வலது கையை அடிக்கும் முனைக்கு அருகில், அதாவது ஹாக்கியின் கீழ்க் கை இடத்தில், வைத்துப் பழகிவிடுகிறான் என்பது பலரும் சொல்லும் விளக்கம். அந்த விளக்கம் சரியானால், நம் தெருக் கிரிக்கெட் நம் பிள்ளைகளுக்குச் செய்வதையே பேஸ்பால் அங்கே செய்கிறது.

வலப்பக்கம் அடிப்பவரை வலது ஓரத்தில்தான் நிறுத்த வேண்டும் என்றும் இல்லை. ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஒவெச்கின் வலப்பக்க ஆட்டக்காரர், ஆனால் இடது ஓரத்தில் ஆடுகிறார். அங்கிருந்து பார்க்கும்போது அவருடைய அலகு மைதானத்தின் நடுப்பக்கமாக, கோலை நோக்கித் திறந்திருப்பதால், குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமலேயே அடித்துவிட முடிகிறது.

ஓசூரில் என் மகள் சக்கரக் காலணி ஹாக்கி கற்கிறாள். அவளுக்கு எந்தப் பக்க மட்டை வாங்குவது?

முதலில் அவள் கற்பது எந்த வகை என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம் இரண்டிரண்டாக இருக்கும் காலணியில் பந்து வைத்து ஆடும் ரோலர் ஹாக்கியில் மட்டையின் இரு முகமும் தட்டையாக இருக்கும். பக்கம் பார்த்து வாங்க வேண்டிய தேவையே இல்லை. சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் காலணியில் வட்டு வைத்து ஆடும் இன்லைன் ஹாக்கியில்தான் பனித்தள ஹாக்கியைப் போல வளைந்த அலகு வருகிறது. இங்கேதான் தேர்வு செய்ய வேண்டும்.

கைப்பழக்கத்தைக் கேட்காமல், பிள்ளையைச் செய்ய வைத்துப் பாருங்கள். நீளமான ஒட்டடைக்கோலையோ தென்னந்துடைப்பம் கட்டிய கம்பையோ கையில் கொடுத்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல், தரையில் கிடக்கும் ஒரு டென்னிஸ் பந்தைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்தக் கை மேலே போகிறது, பந்து உடலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். இதை ஒரே நாளில் முடிக்காமல், சில நாட்கள் இடைவெளி விட்டு மீண்டும் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் வந்தால் அந்தப் பக்க மட்டையை வாங்கிவிடலாம். மாறி மாறி வந்தால், வலுவான கை மேலே இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம், ஏனென்றால் தொடக்கத்தில் பிள்ளைக்குத் தேவைப்படுவது வேகமான அடியைவிட வட்டைத் தன் கட்டுக்குள் வைத்திருப்பது. கடைக்காரர் ‘எந்தக் கையால் எழுதுவாள்’ என்று மட்டும் கேட்டுவிட்டு மட்டையை எடுத்துக் கொடுத்தால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

இதே பிள்ளை பள்ளியில் தரை ஹாக்கியும் ஆடினால், வலப்பக்க மட்டை இரண்டுக்கும் ஒரே பிடியாக அமையும்; ஒட்டடைக்கோல் சோதனையில் தெளிவான முடிவு வராதவர்களுக்கு இது ஒரு நல்ல காரணம்.

தரை ஹாக்கிக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாமா?

தேவையில்லை. அங்கே தேர்வே இல்லை.

இடது கைப் பிள்ளையை இடது ஓரத்தில்தான் ஆட வைக்க வேண்டுமா?

கால்பந்தில் இடது காலால் உதைப்பவரை இடது ஓரத்தில் நிறுத்துவதைப் பார்த்துப் பழகியதால் இந்தக் கேள்வி வருகிறது. ஹாக்கியில் எல்லோரும் ஒரே பக்கம் அடிப்பதால் மைதானமே சமமாக இல்லை. அதைப் புரிந்துகொண்டால்தான் இடம் ஒதுக்குவதைப் பற்றிப் பேச முடியும்.

பந்தைத் தட்டை முகத்தால் அடிக்கும்போது இடது தோள் அடிக்க வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். வலது ஓரத்தில் கோலை நோக்கி ஓடுபவருக்கு நடுவில் இருக்கும் தோழர் இடப்புறம் இருக்கிறார், அவருடைய இடது தோளும் அந்தப் பக்கமே இருக்கிறது, ஓடிக்கொண்டே அடித்துவிடலாம். இடது ஓரத்தில் ஓடுபவருக்குத் தோழர் வலப்புறம் இருக்கிறார். அவர் பந்தைச் சுற்றிக் கால்களை நகர்த்தி உடலை முழுக்கத் திருப்ப வேண்டும், அதற்குள் தடுப்பவர் வந்துவிடுவார். அல்லது மட்டையைக் கவிழ்த்து விளிம்பால் அடிக்கும் ரிவர்ஸ் ஹிட்டைக் கற்றிருக்க வேண்டும். வலமிருந்து இடம் பாஸ் கொடுப்பது எளிது, இடமிருந்து வலம் கொடுப்பது கடினம் என்பதை எந்தப் பள்ளி ஆட்டத்திலும் கால் மணி நேரம் பார்த்தாலே கண்டுகொள்ளலாம்.

தடுப்பாட்டத்திலும் இந்தச் சரிவு உண்டு. தடுப்பவருக்கு வலப்பக்கம் வலுவானது, இடப்பக்கம் மட்டையைக் கவிழ்க்க வேண்டியிருப்பதால் பலவீனமானது. எனவே தாக்குபவர் தடுப்பவரின் இடது பாதத்துக்கு வெளியே, அதாவது தன் வலப்பக்கமாகக் கடந்துபோகப் பார்ப்பார். நல்ல தடுப்பாட்டக்காரர் அதற்கு இடம் கொடுக்காமல் தன் வலப்பக்கத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போவார்.

இதில் எழுதும் கைக்கு எங்கே இடம் என்றால், இடது ஓரத்தில்தான், அதுவும் மறைமுகமாக. அங்கே கவிழ்த்த மட்டைக்கு வேலை அதிகம், கவிழ்த்த மட்டைக்கு இடது மணிக்கட்டு வேண்டும். ஆகவே இடது கைப் பிள்ளைக்கு அந்த இடம் பொருந்தலாம். ஆனால் வேகமும் கால் திருப்பமும் இல்லாத பிள்ளையை மணிக்கட்டை மட்டும் நம்பி அங்கே நிறுத்துவது வீண்.

பெனால்டி கார்னரில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பில்) பந்தை இழுத்துச் சுண்டும் டிராக் ஃபிளிக் செய்ய எந்தக் கை வலுவாக இருக்க வேண்டும்?

இரண்டும். டிராக் ஃபிளிக்கின் விசை கையைவிட இடுப்புச் சுழற்சியிலிருந்தும், நீண்டு ஊன்றும் இடது காலிலிருந்தும்தான் அதிகம் வருகிறது. இடது தோளைக் கோலுக்குக் காட்டி, பந்தைப் பின்னாலிருந்து மட்டையோடு ஒட்டி இழுத்து வந்து, கடைசியில் வலது கை தள்ள, இடது கை பின்னிழுக்க, பந்து வெளியேறுகிறது. வளரும் வயதில் இதை அதிகம் பழகினால் முதுகுக்கும் இடுப்புக்கும் சுமை கூடும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புஷ் போதும்.

கோல் கீப்பராக இடது கைப் பிள்ளையை நிறுத்தலாமா?

தாராளமாக நிறுத்தலாம். தரை ஹாக்கியின் கோல் கீப்பர் மட்டையை வலது கையில் ஒற்றைக் கையாகப் பிடிக்கிறார், இடது கையில் அகன்ற தடுப்புக் கையுறை இருக்கும். உயரமாக வரும் பந்தை இடது கையால் தடுக்க வேண்டியிருப்பதால் இடது கைப் பிள்ளைக்கு அது நல்வாய்ப்பு. மட்டையை ஒற்றை வலது கையால் வீசித் தடுப்பதுதான் அவருக்குப் பயிற்சி தேவைப்படும் பகுதி. பனித்தள ஹாக்கியில் பந்துக்குப் பதில் வட்டைக் கையுறையால் பிடிக்கவே செய்கிறார்கள், பெரும்பாலோர் இடது கையால் பிடிக்கிறார்கள், வலது கையால் பிடிப்பவர்களுக்கும் எதிர்ப்பக்க உபகரணங்கள் கிடைக்கின்றன.

ஹாக்கி ஆடினால் எழுதும் கை மாறிவிடுமா? வீட்டுப் பெரியவர்கள் இதையே சாக்காக வைத்து இடது கைப் பழக்கத்தை மாற்றச் சொல்கிறார்கள்.

மாறாது. இரண்டு கைகளாலும் ஒரு மட்டையைப் பிடிப்பதும் ஒரு கையால் பேனா பிடிப்பதும் தனித்தனிப் பழக்கங்கள். சோற்றை இடது கையால் தொட்டால் அதட்டும் பாட்டிமார்கள் பென்னாகரத்திலும் உண்டு, தேன்கனிக்கோட்டையிலும் உண்டு. அவர்களிடம் வாதாடி வெல்வது எளிதல்ல. ஆனால் மட்டையில் இடது கை மேலே இருக்க வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள பொதுவான முறை என்பதையும், அதைக் காரணம் காட்டி எழுதும் கையை வற்புறுத்தி மாற்றுவதற்கு ஹாக்கியில் எந்த அடிப்படையும் இல்லை என்பதையும் மட்டும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மட்டை வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

நீளத்தைப் பாருங்கள். பிள்ளையை நேராக நிற்க வைத்து மட்டையைப் பக்கத்தில் ஊன்றினால் கைப்பிடியின் உச்சி இடுப்பெலும்பை ஒட்டி வர வேண்டும். அண்ணனுக்கு வாங்கியதையே தம்பிக்குக் கொடுத்துவிடும் வழக்கம் செலவைக் குறைக்கும், ஆனால் நீளமான மட்டையில் உச்சிக் கை வயிற்றில் இடிக்கும், இடது மணிக்கட்டு சுழலாது, பிள்ளை கைகளைக் கீழே இறக்கிப் பிடித்துக் குனிந்தே ஆடப் பழகிவிடுவான். எடையும் முக்கியம். விதி 737 கிராம் வரை அனுமதிக்கிறது. சிறு பிள்ளைக்கு அதற்கு மிகவும் குறைவான எடையே போதும். வாங்குவதற்கு முன் கடையிலேயே இடது கையால் மட்டும் மட்டையைத் தூக்கி, நுனி கீழே வரும்படி கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அதைவிட எடை குறைந்த மட்டையைக் கேளுங்கள்.